கற்பூரம் அணைக்காத மருதாத்தாள்

மருதாத்தாளைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது "பாவம், தாலியறுத்தவ" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமா? அவளா? வெள்ளைச் சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி அவள் வரப்பில் வந்தால் எதிரே வரும் ஆண்பிள்ளைகள்தான் ஒதுங்கி நிற்பார்கள். கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதியில் எங்கள் தோட்டத்தை ஒட்டித்தான் அவள் தோட்டம். நான் காளிச்சாமியின் பெண்சாதி, கமலாத்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவள் என்பதற்காக மட்டுமில்லை. என் வாயையும் அடக்கக்கூடியவள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான்.

புருசன் பழனிச்சாமி மடை திருப்பப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிறந்த வீட்டோடு போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கருமாதி முடிந்த கையோடு அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். என் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் நாலு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு என்போம். ஆளுக்குக் கால் பங்கு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். அப்புசாமி ஒரு பங்கு, அவருடைய தம்பி நஞ்சப்பன் ஒரு பங்கு, நாங்கள் ஒன்று, மருதாத்தாள் ஒன்று. கிணற்று மேட்டில் ஓலை வேய்ந்த ஒரு சாளை, அதற்குள் ஆயில் எஞ்சின். அந்த எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப ஒரு இரும்பு ஹேண்டில் வேண்டும். ஹேண்டில் யார் கையில் இருக்கிறதோ தண்ணீரும் அவர் கையில் இருக்கிற மாதிரிதான்.

முன்பு அது அப்புசாமி வீட்டில் இருந்தது. அவர் முறை வந்தால் பொழுது நீண்டுகொண்டே போகும், மற்றவர் முறை வந்தால் சுருங்கிப்போகும். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கடைசியில் மருதாத்தாள் வீட்டில் ஹேண்டிலை வைப்பது என்று முடிவானது. அவள் யாருக்கும் ஒரு நிமிசம் கூட்டியும் கொடுக்க மாட்டாள், குறைத்தும் கொடுக்க மாட்டாள். தன் முறையில் பாத்தி பாதி நனைந்திருந்தாலும் நேரம் ஆனதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிடுவாள்.

ஹேண்டிலைக் கொடுத்த அன்று அப்புசாமி, "விசுவாசமான பொம்பள, வேறென்ன வேணும்?" என்று பெரிய மனுசத் தோரணையில் சொன்னார்.

"விசுவாசம் நாய்க்கு இருக்கறதுங்க மாமா," என்றாள் அவள். "நாய்க்குக் கெணத்துல கால் பங்கு இருக்குதுங்களா?"

அப்புசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை மாதா கோயிலில் விசுவாசம் என்றால் அது சாமி காரியம். வில்லேஜ் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் மலையாளத்துக்காரர் எதற்கெடுத்தாலும் அந்த வார்த்தையைத்தான் சொல்வார், அவருக்கு அது நம்பிக்கை. எங்கள் தோட்டங்களில் மட்டும் அது பண்ணையாளிடம் முதலாளி எதிர்பார்க்கிற சமாச்சாரம். அந்த மாதிரி எதிர்பார்ப்பை மருதாத்தாளிடம் கொண்டுபோனால் அவள் சும்மா விடுவாளா?

எழுபத்து நாலாம் வருசம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து அப்புசாமி மகளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம். அன்று யாரும் எஞ்சினைத் தொடக்கூடாது, ஒரு நாள் முழுக்கக் கிணறு ஊறட்டும், ஊறின தண்ணீரை மறுநாளிலிருந்து முறைப்படி பாய்ச்சிக்கொள்ளலாம் என்று நாலு பேரும் பேசி வைத்தார்கள். லாரி பிடித்து நாங்கள் எல்லோரும் கிளம்பினோம், மருதாத்தாளைத் தவிர. தாலி கட்டுகிற இடத்தில் தாலியறுத்தவள் எதற்கு? அதை அப்படி வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்களே! "நீ எதுக்கு அம்மிணி வெயில்ல அலையறே, ஊட்டைப் பாத்துக்கோ" என்றார் அப்புசாமி, தேன் ஒழுக. எல்லா வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில். எல்லா வீட்டு மாடுகளுக்கும் அவள்தான் தீவனம். ஊரையே அவள் தலையில் கட்டிவிட்டுப் போய் நாங்கள் பாயசம் சாப்பிட்டோம்.

தாலி கட்டி முடிந்ததும் நஞ்சப்பன், கொழிஞ்சாம்பாறையில் ஒருவரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொழுது சாய நாங்கள் ஊர் திரும்பியபோது அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஊறியிருக்க வேண்டிய கிணறு முன்பைவிடக் கீழே கிடந்தது. அடியில் சேறு தெரிந்தது. யாரோ எஞ்சினை ஓட்டி ஒட்ட இறைத்திருக்கிறார்கள்.

மருதாத்தாளைக் கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள். "நான் ஊருக்குள்ள மாட்டைப் பாத்துட்டிருந்தனுங்க. மத்தியானத்துக்கு மேல எஞ்சின் சத்தம் கேட்டுதுங்க. பக்கத்துத் தோட்டத்து எஞ்சின்னு நெனச்சுட்டேன். ஹேண்டில் என்ற ஊட்டுலதான் இருந்துது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஹேண்டில் அவளிடம், சுற்றிக் கொடுக்க வெளியாளா கிடைக்காது என்றார்கள். ஊரில் இருந்தவள் அவள். சத்தம் கேட்டது என்று அவளே சொல்கிறாள். அவள் தோட்டத்தில் அங்குலம் அங்குலமாகத் தேடி ஈரத்தைக் காணாதபோதும், ராத்திரிக்குள் மண் குடித்திருக்கும் என்றார்கள். ஊரில் அவளைத் தனியாக விட்டுப் போனதும் இவர்கள், தனியாக இருந்தாயே என்று கேட்டதும் இவர்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

எங்கள் பக்கம் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க ஒரு வழக்கம் உண்டு. மாகாளியம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று பயம். சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். பெண்பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லைதான். வேலை இல்லாத இடத்தில் போய் நிற்பது என் வழக்கம். பூசாரி தட்டில் கற்பூரக் கட்டியை வைத்துத் தீப்பெட்டியோடு நின்றார். மருதாத்தாள் ஹேண்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அப்புசாமிதான் ஆரம்பித்தார். "ஆரும் உன்னையத் திருடின்னு சொல்லலை அம்மிணி. ஊரு வாயின்னு ஒண்ணு இருக்குது பாரு, அதை மூடோணும். கற்பூரத்தை அணைச்சுப்போட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே இரு."

"நான் எஞ்சினைத் தொடலீங்க மாமா. அன்னிக்கே சொல்லிப்போட்டனுங்களே."

"அதையே சாமி முன்னால சொல்லுங்கறோம்."

"சாமிக்குத் தெரியுமுங்க. தெரியாதது உங்களுக்குத்தான். உங்ககிட்டச் சொன்னதே போதாதுங்களா?"

நஞ்சப்பன் குறுக்கே விழுந்தார். "நெசத்தைச் சொல்றவளுக்குக் கற்பூரத்தைத் தொட என்ன பயம்?"

"பயமில்லீங்க கொழுந்தனாரே, ரோசம்," என்றாள் மருதாத்தாள். "இத்தனை வருசமா ஹேண்டிலை என்றகிட்டக் குடுத்துட்டுத் தூங்குனீங்களே, அதுக்குப் பேரு நம்பிக்கைன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னிக்கு நான் இதுல கையை வெச்சா நீங்க நம்பப்போறது என்னையில்லீங்க, கற்பூரத்தை. அடுத்த தடவை தண்ணி கொறஞ்சா மறுபடியும் கற்பூரம் வாங்கியாருவீங்க. சத்தியம் வேற, நம்பிக்கை வேறீங்க. நம்பிக்கை செத்த ஊட்டுலதான் சத்தியத்துக்கு வேலை."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செரி, அணைக்கறேன்," என்றாள் அவள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். "கெணத்துல நாலு பங்கு. நாலு பேரும் அணைக்கோணும். மொதல்ல மாமா வாங்க. அப்பறம் கொழுந்தனாரு. அதுக்கப்பறம் காளிச்சாமி தம்பி. கடைசியா நானு."

அடேயப்பா, அப்புசாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என்ற மகளைத் தாரை வாத்துக் குடுத்துட்டிருந்த என்னையவா சந்தேகப்படறே? என்ற குடும்பத்தைப் பாத்துச் சத்தியம் கேக்கறயா? நாக்கை அடக்கிப் பேசு!"

"சுடுதுங்களா மாமா?" என்று கேட்டாள் மருதாத்தாள். "பூசாரி இன்னும் தீக்குச்சியே கிழிக்கலை. எனக்கும் அதே எடத்துலதானுங்க சுட்டுது."

பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தீர்ப்புச் சொல்வார்கள். ஹேண்டிலை அவள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சத்தியம் செய்கிற வரைக்கும் அவளுக்கு முறைத் தண்ணீர் கிடையாது என்று சொன்னார்கள். அவள் ஹேண்டிலைக் கோயில் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தோட்டத்தில் அவள் மிளகாய் போட்டிருந்தாள். செடி பூவெடுத்து நின்ற நேரம். அந்த வருசம் முழுக்க அவள் சாப்பாடு அந்த மிளகாயில்தான். தண்ணீர் இல்லாவிட்டால் செடி கருகும், செடி கருகினால் அடுத்த வருசம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு யார் வீட்டுக்காவது போய் நிற்க வேண்டும். அப்புசாமிக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரியும்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். முறைத் தண்ணீருக்குத்தான் தடை, குடத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே மண்வெட்டியோடு போயிருப்பேன். அடிப்படி வரைக்கும் இறங்கி, மொண்டு, இடுப்பில் வைத்து ஏறி, ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினாள். முழுத் தோட்டத்துக்கும் குடத்தால் கட்டாது என்று அவளுக்குத் தெரியும். பாதித் தோட்டத்தை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை வெயிலுக்கு விட்டுவிட்டாள். அந்தப் பாதி தினமும் கண்ணெதிரே வாடி, மடங்கி, காய்ந்தது. அதைத் தாண்டித்தான் அவள் குடத்தோடு நடக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

நானும் ஒரு குடத்தோடு இறங்கினேன். வீட்டில் சண்டை.

"அவ எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்பக் கோயில்ல வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"எதுத்துப் பேசுனா நாளைக்கு நம்ம முறையிலயும் கை வெப்பாங்க. உனக்கென்ன தெரியும்?"

"அதுக்குப் பேரு பயமுங்க. பயத்தை மடியில கட்டிக்கிட்டு, அவ மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுன்னு ஊட்டுக்குள்ள உக்காந்து சொல்லாதீங்க. அந்த நம்பிக்கையை வெச்சு ஒரு பாத்தி நனையுமா?"

அன்று அவருக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். மனுசர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மருதாத்தாளின் தங்கச்சி ஒருத்தி சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். விசயம் காதில் விழுந்து, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். கங்காணியிடம் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் என்னோடு இருந்துகொள், இந்தக் கேடுகெட்ட கிணறு எதற்கு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். "நான் போனா, நான்தான் தண்ணியத் திருடுனேன்னு ஆயிப்போகும்" என்று சொல்லிவிட்டாள் இவள். கற்பூரத்தையாவது அணைத்துத் தொலையேன் என்று தங்கச்சி கெஞ்சியதற்கு, ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் முறையில் எஞ்சின் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெக்கானிக் சூசையப்பனை வரவழைத்தோம். எஞ்சின் ரிப்பேர் என்றால் நாலு பங்காளிகளும் வந்து நிற்க வேண்டும். அப்புசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மருதாத்தாள் கிணற்றுப் படியில் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தாள். சூசையப்பன் எஞ்சினைப் பிரித்து மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டே நஞ்சப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, என்ற ஹேண்டிலைத் திருப்பித் தரவே இல்லீங்களே?"

"எந்த ஹேண்டிலு?" என்றார் நஞ்சப்பன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! உங்க அண்ணன் மக கல்யாணத்தன்னிக்கு மத்தியானம் பட்டறைக்கு வந்து, எங்க ஹேண்டிலு காணாமப் போச்சுன்னு அவசரமா வாங்கிட்டுப் போனீங்களே. வாழை வாடுதுன்னு சொன்னீங்களே. இன்னொரு கெணத்துக்காரரு கேக்கறாரு, குடுத்துருங்க."

என் வீட்டுக்காரர் நேரே நஞ்சப்பனின் வாழைத் தோப்புக்குள் நடந்தார். பாத்திகளின் மேல் போட்டிருந்த சருகைக் காலால் தள்ளினார். ஊர் முழுக்க நிலம் வெடித்துக் கிடந்தபோது அங்கே மட்டும் மண் இறுகிப் பாளமாகப் படிந்திருந்தது, முறைத் தண்ணீருக்கு மேலே தண்ணீர் கட்டி நின்ற இடம் மாதிரி. மருதாத்தாளின் தோட்டத்தை அங்குலம் அங்குலமாக மோப்பம் பிடித்தவர்கள் இந்தச் சருகை விலக்கிப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளை எங்கே போனாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

"வாழை குலை தள்ளற நேரமுங்க அண்ணா... கண்ணு முன்னால சாயுது... மருதாத்தாகிட்டக் கேட்டா அவ குடுக்க மாட்டா..." என்று நஞ்சப்பன் முழுங்கி முழுங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புசாமி எழுந்தார். தம்பியைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை, முறையை நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. "தெரியாமச் செஞ்சுபோட்டான், விட்டுத் தள்ளுங்க" என்று பொதுவாக ஒரு வார்த்தையை வீசினார். அப்புறம் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு மருதாத்தாளிடம் வந்தார்.

"ஆனது ஆச்சு அம்மிணி. பழையபடி நீயே வெச்சுக்கோ. இப்ப உன்ற மேல எங்களுக்கு முழு நம்பிக்கை வந்துருச்சு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"நம்பிக்கை வரலீங்க மாமா. வெவரம் வந்துருச்சு. ஆரு எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். தெரிஞ்சுபோனதுக்கு அப்பறம் நம்பறதுக்கு என்ன மிச்சம் இருக்குது? தெரியாம நின்னீங்களே அன்னிக்கு, அன்னிக்கு நம்பியிருக்கோணும்."

"இப்ப என்ன பண்ணோணுங்கறே? நான் மன்னிப்புக் கேக்கோணுமா?"

"உங்க மன்னிப்பை வெச்சு நான் என்னங்க பண்றது? என்ற முறை வேணும். இன்னிக்கே, இப்பவே. அது நீங்க நம்பிக் குடுத்ததில்லீங்க, என்ற பங்கு. நீங்க நம்புனாலும் நம்பாட்டியும் அது என்னுது."

அன்று எங்கள் முறைதான். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எடுத்துக்கக்கா!"

அவள் அப்புசாமி கையிலிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டு சாளைக்குள் போனாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் எஞ்சினைக் கிளப்புவதில்லை. சுற்றும்போது ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அவள் தோட்டத்துக்கும் என் வீட்டுக்காரர்தான் சுற்றிக் கொடுப்பார். அன்றும் ஓடினார். "தள்ளி நில்லுங்க தம்பி" என்றாள். முதல் சுற்றில் எஞ்சின் முக்கிவிட்டு நின்றது. அவள் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடியும் சுற்றினாள். கிளம்பிவிட்டது.

உயிரோடு இருந்த பாதி மிளகாய்க்கு வயிறு நிறையத் தண்ணீர் போனது. அது முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக் காய்ந்துபோன பாதிக்கு மடையைத் திருப்பினாள். "செத்த செடிக்கு எதுக்குக்கா?" என்றேன். "முறை முடியற வரைக்கும் தண்ணி என்னுது" என்றாள். கருகிக் கிடந்த ஒவ்வொரு பாத்தியும் நிறைய நிறைய அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற மூன்று பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஆனதும் எஞ்சினை நிறுத்தி ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த முறை நஞ்சப்பனுடையது. அப்புசாமி கையை நீட்டினார். "குடு, இனி நானே பத்திரமா வெச்சுக்கறேன்."

அவள் அவரைத் தாண்டிப் போனாள். வாய்க்கால் கரையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த நஞ்சப்பனின் முன்னால் போய் நின்று, ஹேண்டிலை அவர் கையில் வைத்தாள்.

"உங்க முறைங்க கொழுந்தனாரே. முடிச்சுட்டு உங்க ஊட்டுக்கே கொண்டுபோயி வெச்சுக்கங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் அப்புசாமி. "அவன்கிட்டயா? நாளைக்கு மறுபடியும் ஓட்ட மாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க மாமா," என்றாள் மருதாத்தாள். "தெரியாமத்தானுங்க குடுக்கறேன்."

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். நஞ்சப்பன் ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் எஞ்சினை ஓட்டவில்லை.